பிரேக் மெத்துன்னு இறங்குதா? ஏர் எடுக்கறதுக்கு முன்னாடி ஏர் எங்கேர்ந்து வந்துச்சுன்னு பாருங்க

பிரேக்க மிதிச்சா பஞ்சு மூட்டைல கால வெச்ச மாதிரி இருக்கு, ரெண்டு தடவ பம்ப் பண்ணா சரியாயிடுது, ஏர் எடுத்தா போதுமா? இதே கேள்விதான் திரும்பத் திரும்ப வருது. ஏர் எடுக்கறது (லைன்ல மாட்டின காத்த வெளிய விடறது) பெரிய விஷயமே இல்ல, ஒரு ஸ்பேனரும் டியூப்பும் கூட ஒரு ஆளும் இருந்தா முடிஞ்சிடும். ஆனா மூடி வெச்ச லைன்ல, அதாவது பிரேக் ஆயில் ஓடற பைப்ல, காத்து தானா முளைக்காது. யாராவது லைனத் திறந்திருக்கணும், இல்ல பிரேக் ஆயில் டப்பால ஆயில் அடி வரைக்கும் போயிருக்கணும், இல்ல எங்கயோ ஒரு சீல் போயிருக்கணும், அதுவும் இல்லன்னா பழைய ஆயில் சூட்டுல கொதிச்சிருக்கணும். இந்த நாலுல எதுன்னு பாக்காம ஏர் எடுத்து விட்டீங்கன்னா ரெண்டு வாரம் நல்லா இருக்கும், அப்புறம் பழைய குருடி கதவைத் திறடிதான்.

வேலைய ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு. பெடல் தரை வரைக்கும் போற வண்டிய "மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்"னு எடுக்காதீங்க, கட்டி இழுத்துட்டும் போகாதீங்க (பின்னாடி வர்ற வண்டிக்கும் பிரேக் வேணுமே), வேற வண்டில ஏத்திட்டுப் போங்க. ஓடிட்டிருக்கும்போதே பெடல் உள்ள போயிடுச்சுன்னா வேகமா பம்ப் பண்ணுங்க, கியரக் குறைச்சுட்டே வாங்க, ஹேண்ட்பிரேக்க கொஞ்சம் கொஞ்சமா இழுங்க, ஒரேயடியா இழுத்தா பின்சக்கரம் லாக் ஆகி வண்டி திரும்பிடும்.

## முதல்ல கால் டெஸ்ட்

இஞ்சின் ஆஃப். பெடல அஞ்சாறு தடவ மிதிச்சு பூஸ்டர்ல (உங்க மிதிக்கு பலம் கூட்டற பாகம்) மிச்சம் இருக்கற வேக்குவத்த காலி பண்ணுங்க. இப்போ நிதானமா மிதிச்சுப் பிடிங்க.

கல்லு மாதிரி, உயரமா நின்னா லைன்ல ஏர் இருக்க வாய்ப்பு ரொம்பக் கம்மி. அப்படியே மிதிச்சபடி இஞ்சின ஸ்டார்ட் பண்ணுங்க, பெடல் லேசா கீழ இறங்கும். இது பூஸ்டர் வேலை செய்யறதுக்கு அடையாளம், கோளாறே இல்ல. இத ஏர்னு நினைச்சு நாலு வீலையும் கழட்டினவங்கள நான் பாத்திருக்கேன்.

மெத்துன்னு ஸ்பிரிங் மாதிரி அமுங்கி, பம்ப் பண்ணா மேல வந்தா அடுத்த தலைப்புக்குப் போங்க. பிடிச்சுட்டே இருக்கும்போது மெல்ல மெல்ல இறங்கினா "மிதிச்சுப் பிடிச்சா மெல்ல இறங்கிட்டே போகுது"ங்கற தலைப்பு. நின்ன வண்டில எல்லாம் சரியா இருந்து ஓட்டி சூடானா மட்டும் மெத்துன்னு ஆச்சுன்னா அது வேற கதை, அதுக்குத் தனித் தலைப்பு இருக்கு.

## பெடல் மெத்துன்னு இருக்கு, பம்ப் பண்ணா ஏறுது

பானெட்டத் திறந்து டப்பாவப் பாருங்க. நிறைய டப்பாக்கள்ல உள்ள ஒரு தடுப்பு இருக்கும், ஒரு பக்கம் நிறைஞ்சும் இன்னொரு பக்கம் காலியாவும் இருக்கலாம், அதனால ரெண்டு பக்கத்தையும் பாருங்க. லெவல் கொஞ்சம் இறங்கியிருந்தா பேட் (டிஸ்க்க கவ்விப் பிடிக்கற கட்டை) தேய்ஞ்சிருக்கலாம், பேட் தேயத் தேய பிஸ்டன் வெளிய வரும், அந்த இடத்த ஆயில் நிரப்பும், அது சகஜம். மினிமம் கோட்டுக்குக் கீழ போயிருந்து பேடும் தடியா இருந்தா எங்கயோ ஒழுகுது, ஊத்தி நிரப்பிட்டு நிம்மதியா இருக்காதீங்க.

அடுத்து, கடைசியா வண்டில என்ன வேலை நடந்துச்சுன்னு யோசிங்க. "பேட் மட்டும்தான் மாத்தினாங்க, லைனத் தொடவே இல்ல"ம்பாங்க. ஆனா பிஸ்டன உள்ள தள்ளும்போது நிப்பிள (வீல் பக்கத்துல ஏர் எடுக்கத் திறக்கற சின்ன திருகு) திறந்து விடற பழக்கம் நிறைய பேருக்கு உண்டு, மூடறதுக்குள்ள ஒரு மடக்கு காத்து உள்ள போயிருக்கும். வேலைக்கு அப்புறம்தான் பெடல் கெட்டுச்சுன்னா பாதி விடை கிடைச்சாச்சு, தைரியமா ஏர் எடுக்கலாம்.

பின்னாடி டிரம் பிரேக் இருக்கற வண்டியா? அப்போ ஏர் எடுக்கறதுக்கு முன்னாடி இதப் பண்ணிப் பாருங்க: ஹேண்ட்பிரேக்க நல்லா இழுத்து வெச்சுட்டு பெடல மிதிங்க. பெடல் சட்டுன்னு உயரத்துக்கு வந்துட்டா ஏர் இல்ல, பின்னாடி லைனருக்கும் (டிரம்ம உள்ளேர்ந்து அழுத்தற கட்டை) டிரம்முக்கும் இடைவெளி அதிகமாயிருக்கு. அட்ஜஸ்டர டைட் பண்ணா தீர்ந்துச்சு. காலுக்கும் வித்தியாசம் தெரியும், ஏர் இருந்தா அடில போயும் மெத்துன்னுதான் இருக்கும், இடைவெளிப் பிரச்சனைன்னா பெடல் தாழ்வா இருக்கும் ஆனா அங்க போய் கெட்டியா நிக்கும். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமதான் பாதி ஏர் எடுக்கற வேலையே நடக்குது.

அடுத்து ஊத்து டெஸ்ட். டப்பா மூடிய எடுத்துட்டு, ஒருத்தர் பெடல இருபது தடவ போல வேகமா பம்ப் பண்ணி, அப்படியே அழுத்திப் பிடிச்சு, சட்டுன்னு காலை எடுக்கணும். டப்பாக்குள்ள ஆயில் குபுக்குன்னு பீய்ச்சினா உள்ள ஏர் இருக்கு, அமுங்கின காத்து விரியும்போது ஆயிலத் திருப்பித் தள்ளுது. லேசா ஒரு அலை வர்றது எல்லா வண்டிலயும் உண்டு, அத எண்ணாதீங்க. முகத்த டப்பா மேல கொண்டு போகாதீங்க, கண்ணாடி போட்டுக்கோங்க, பெயிண்ட்ல தெறிச்சா உடனே தண்ணி ஊத்திக் கழுவுங்க. துடைச்சா மட்டும் போகாது, பெயிண்ட உரிச்சுடும்.

கடைசியா ரப்பர் ஹோஸ். ஒருத்தர் அழுத்தி மிதிக்க நீங்க ஒவ்வொரு ஹோஸா கையால பிடிச்சுப் பாருங்க. கைக்குள்ள ஊதற மாதிரி தெரிஞ்சா, இல்ல மேல வெடிப்பு இருந்தா ஹோஸ மாத்துங்க, அந்த ஹோஸ் இருக்கற வரைக்கும் எத்தன லிட்டர் ஊத்தினாலும் பெடல் வராது.

### ஏர் எடுக்கற முறை

வண்டி மட்டமான தரைல, சக்கரத்துக்கு கட்டை, ஜாக்கிய நம்பி அடில போகக்கூடாது, ஸ்டாண்டு போட்டே ஆகணும். எந்த வீல்லேர்ந்து ஆரம்பிக்கறதுங்கறதுக்கு வண்டியோட மேனுவலப் பாருங்க. மாஸ்டர் சிலிண்டர்லேர்ந்து (பெடல் தள்ளி ஆயில லைனுக்கு அனுப்பற சிலிண்டர்) தூரமா இருக்கறது முதல்லங்கறது பொதுவான பழக்கம், ஆனா லைன குறுக்கால, அதாவது ஒரு முன் வீலையும் எதிர்ப்பக்க பின் வீலையும் சேர்த்துப் பிரிச்ச வண்டிகள்ல வரிசை மாறும்.

நிப்பிள் துரு பிடிச்சிருந்தா முந்தின நாளே துரு ஆயில் அடிச்சு ஊற விடுங்க. பெரும்பாலும் 8, 10, 11 எம்எம்தான் வரும், ரிங் ஸ்பேனர் மட்டும் போடுங்க, ஓப்பன் ஸ்பேனர் போட்டா முனை உருண்டுடும், கட்டிங் பிளையர் போட்டா சொல்லவே வேணாம். ரொம்ப அழுத்தம் கொடுத்தும் அசையலன்னா அங்கயே நிறுத்திடுங்க. நிப்பிள் உள்ள உடைஞ்சா அரை மணி நேர வேலை கேலிப்பர் (பிஸ்டனும் பேடும் இருக்கற பாகம்) மாத்தற வேலையாயிடும், சூடு காட்டி எடுக்கத் தெரிஞ்ச ஆளுகிட்ட விட்டுடுங்க.

நிப்பிள்ல கண்ணாடி மாதிரி உள்ள தெரியற டியூப்ப மாட்டி மறுமுனைய கொஞ்சம் பிரேக் ஆயில் ஊத்தின பாட்டில்ல முங்க வைங்க. உள்ள இருக்கற ஆள் நிதானமா மிதிச்சுப் பிடிக்கணும், "பிடிச்சாச்சு"ன்னு சொல்லணும், நீங்க கால் சுத்திலேர்ந்து அரை சுத்து வரைக்கும் திறக்கணும், பெடல் இறங்கும், நீங்க மூடணும், மூடிட்டு "விடு"ன்னு சொன்னப்புறம்தான் அவர் காலை எடுக்கணும். இந்த வரிசை ஒரு தடவ தப்பினாலும் வெளிய போன காத்து திரும்ப உள்ள வந்துடும். சண்டை வர்ற இடமும் இதுதான், அதனால பொறுமையான ஆளாப் பாத்து உட்கார வைங்க. வேகமா டப் டப்னு பம்ப் பண்ண விடாதீங்க, பெரிய பபிள் உடைஞ்சு பொடிப் பொடியா ஆயில்ல கலந்துட்டா அப்புறம் எடுக்கறது கஷ்டம்.

பழைய வண்டின்னா பெடலுக்கு அடில ஒரு மரக்கட்டைய வைங்க, தரை வரைக்கும் போகாம தடுக்கும். மாஸ்டர் சிலிண்டர்ல தினமும் ஓடாத அடிப்பகுதில துருவும் அழுக்கும் சேர்ந்திருக்கும், ஏர் எடுக்கறேன்னு அங்க வரைக்கும் சீல ஓட விட்டா கிழிஞ்சிடும். "ஏர் எடுக்கப் போனேன், மாஸ்டர் சிலிண்டர் போச்சு"ன்னு சொல்றதுல நிறைய இப்படித்தான்.

அஞ்சாறு தடவைக்கு ஒரு முறை டப்பாவப் பாத்து ஊத்திட்டே இருங்க. டப்பா காலியாச்சுன்னா முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். பாட்டில்ல பிடிச்ச பழைய ஆயில திரும்ப ஊத்தாதீங்க. என்ன ஆயில்னா டப்பா மூடில என்ன எழுதியிருக்கோ அது. டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூணும் ஒரே குடும்பம், டாட் 5 மட்டும் சிலிக்கான், நம்பர் பக்கத்துல இருக்கேன்னு கலந்துடாதீங்க. இன்னொண்ணு, ஆயில்னு சொல்றோமே தவிர இது நிஜத்துல ஆயிலே இல்ல. இஞ்சின் ஆயிலோ பவர் ஸ்டீயரிங் ஆயிலோ தெரியாம உள்ள போயிட்டா சீல் எல்லாம் ஊதிடும், டப்பா மூடிக்குள்ள இருக்கற ரப்பர் உப்பிப் போய் கோணிக்கிட்டு இருந்தா அதுதான் அடையாளம். அந்த வண்டிய எடுக்காதீங்க, அதுக்கு ஏர் எடுக்கறது மருந்தில்ல, ரப்பர் இருக்கற ஒவ்வொண்ணையும் மாத்தணும், மெக்கானிக் வேலை.

## மிதிச்சுப் பிடிச்சா மெல்ல இறங்கிட்டே போகுது

இது ஏர் இல்ல. ஏர் இருந்தா அமுங்கி ஒரு இடத்துல நின்னுடும், இறங்கிட்டே போனா ஆயில் எங்கயோ போகுது. வெளிய போகுதா உள்ளயே போகுதான்னு பாக்கணும்.

வெளிய ஒழுக்குன்னா தேட வேண்டிய இடம் நாலு வீலோட உள்பக்கம், டயரோட உள்சுவர், டிரம்முக்கு அடில, பைப் ஜாயிண்ட், ஹோஸ் போல்ட்டுல இருக்கற வாஷர் (இந்த செம்பு வாஷர ஒரு தடவ கழட்டினா புதுசுதான் போடணும், பழசையே திருப்பிப் போட்டுட்டு ஒழுகுதுன்னு அழக்கூடாது). அப்புறம் எல்லாரும் விட்டுடற இடம், மாஸ்டர் சிலிண்டரும் பூஸ்டரும் சேர்ற முகம். அங்க விரல விட்டுப் பாருங்க, ஈரமா இருந்தா பின் சீல் போச்சு, ஆயில் பூஸ்டருக்குள்ள போயிட்டிருக்கும், தரைல ஒரு சொட்டும் தெரியாது, லெவல் மட்டும் குறையும்.

எங்கயும் ஈரம் இல்ல, லெவலும் குறையல, ஆனாலும் பெடல் இறங்குதா? மாஸ்டர் சிலிண்டருக்குள்ள சீல் தேய்ஞ்சு ஆயில் உள்ளுக்குள்ளயே திரும்பி வருது. லேசா மிதிச்சுப் பிடிச்சுப் பாத்தா இது நல்லாத் தெரியும், சில வண்டில பலமா மிதிச்சா நிக்கும், சிக்னல்ல லேசா கால் வெச்சு நிக்கும்போது மட்டும் நழுவும். சீல் கிட் மட்டும் போடறதா முழு சிலிண்டரே புதுசு போடறதான்னு கேட்டா, சிலிண்டர் உள்சுவர்ல கீறலோ குழியோ இருந்தா கிட் போட்டு பிரயோஜனமில்ல. புதுசு மாட்டறதுன்னா வண்டில ஏத்தறதுக்கு முன்னாடி வைஸ்ல வெச்சு அதுலேர்ந்து ஏர எடுத்துட்டு அப்புறம் மாட்டணும். இது பழக்கமில்லன்னா மெக்கானிக்கிட்ட கொடுங்க, தப்பா மாட்டினா தெரியறது ரோட்டுலதான்.

## ஏர் எடுத்தாச்சு, பபிளும் வரல, பெடல் மட்டும் அப்படியே

இதுலதான் ஆளுங்க வெறுத்துப் போறாங்க. ஒரு தடவ ஒரு வண்டிக்கு முன்னாடி ரெண்டு கேலிப்பரையும் கழட்டி சுத்தம் பண்ணி மாட்டினேன், ஒன்றரை லிட்டர் ஆயில் ஊத்தியாச்சு, டியூப்ல சுத்தமான ஆயில்தான் வருது, பெடல் பஞ்சு. மறுநாள் காலைல டீயோட குத்த வெச்சு உட்கார்ந்து பாக்கறப்பதான் தெரிஞ்சுது, இடது கேலிப்பர் வலதுல, வலது இடதுல. நிப்பிள் ரெண்டும் கீழ பாத்துட்டு இருக்கு. காத்து மேலதான் நிக்கும், நிப்பிள் கீழ இருந்தா ஆயில்தான் வரும், காத்து மேலயே சொகுசா உட்கார்ந்திருக்கும். அதனால முதல் செக் இதுதான், எல்லா நிப்பிளும் கேலிப்பரோட உச்சில இருக்கான்னு பாருங்க. வெட்கப்படாம பாருங்க.

அது சரின்னா பேட பாருங்க. ஒரு பக்கம் சாய்வா தேய்ஞ்ச பேட், ஸ்லைடு பின் இறுகிப் போன கேலிப்பர், பேட் பின்னாடி துரு தட்டி எழும்பினது, இதெல்லாம் இருந்தா மிதிக்கும்போது உலோகமே வளைஞ்சு கொடுக்கும், காலுக்கு அச்சு அசலா ஏர் மாதிரியே இருக்கும். புதுப் பேட் போட்டவுடனேயும் கொஞ்ச தூரம் ஓட்டிப் படியற வரைக்கும் பெடல் லேசா மெத்துன்னுதான் இருக்கும்.

வளைவுலயோ மேடு பள்ளத்துலயோ போயிட்டு வந்தப்புறம் முதல் மிதி மட்டும் தாழ்ந்து, ரெண்டாவது மிதி சரியா இருந்தா வீல் பேரிங் ஆட்டமான்னு பாருங்க. வீலத் தூக்கி மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினா தெரியும். பேரிங் ஆடினா டிஸ்க் ஆடும், டிஸ்க் பேட பின்னாடி தள்ளிடும், அடுத்த மிதி அந்த இடைவெளிய நிரப்பவே போயிடும்.

எல்லாம் சரி, ஆனா மாஸ்டர் சிலிண்டர கழட்டியிருக்கீங்க, இல்ல டப்பா முழுசா காலியாயிடுச்சுன்னா, ஏபிஎஸ் யூனிட்டுக்குள்ள (சக்கரம் லாக் ஆகாம தடுக்கறது) காத்து மாட்டியிருக்கலாம். அதுக்குள்ள இருக்கற வால்வு சும்மா மிதிச்சா திறக்காது, ஸ்கேனர் போட்டு பம்ப ஓட விட்டுதான் எடுக்கணும். காலி மைதானத்துல ஏபிஎஸ் அடிக்க வெச்சுட்டு வந்து திரும்ப ஏர் எடுக்கறவங்களும் உண்டு, பெடல் ஓரளவு பிடிக்கற வண்டிக்கு வேணா அது ஓகே, மெத்துன்னு இருக்கற வண்டில நான் பண்ண மாட்டேன். ஹைப்ரிட், எலக்ட்ரிக் வண்டிகள்ல நிறையதுல பிரேக்க கம்ப்யூட்டர்தான் அமுக்குது, பானெட்டத் திறந்தவுடனே நிறுத்திடுங்க, சர்வீஸ் மோடு இல்லாம நிப்பிள்ல கை வைக்க வேணாம். பின்னாடி எலக்ட்ரானிக் ஹேண்ட்பிரேக் இருந்தாலும் அதே பேச்சுதான்.

## பபிள் நிக்கவே மாட்டேங்குது

வேக்குவம் பம்ப் போட்டு உறிஞ்சறீங்களா? அப்போ பயப்படாதீங்க, நிப்பிள் மரை வழியா வெளிக்காத்தையே அது இழுக்குது, டியூப்ல முடிவில்லாம பொடிப் பபிள் வந்துட்டே இருக்கும். மரைய சுத்தி வெளிய கொஞ்சம் கிரீஸ் தடவிப் பாருங்க, இல்லன்னா கடைசி ரெண்டு தடவைய ஆள வெச்சு மிதிச்சு எடுங்க. காலால மிதிச்சே எடுத்தும் நிக்கலன்னா டியூப் நிப்பிள்ல லூஸா இருக்கான்னு பாருங்க, அதுவும் சரின்னா மாஸ்டர் சிலிண்டர் பெடல் திரும்பி வரும்போது காத்த இழுக்குது, மாத்த வேண்டியதுதான்.

நேர்மாறா, நிப்பிளத் திறந்தா ஒண்ணுமே வரலன்னா நிப்பிள் ஓட்டை அடைச்சிருக்கும், கழட்டி மெல்லிய கம்பி விட்டுப் பாருங்க. ஓட்டை சரின்னா ஹோஸ் உள்ளுக்குள்ள பிஞ்சு அடைச்சிருக்கு, வெளிய பாத்தா புதுசு மாதிரியே இருக்கும்.

## காலைல நல்லா இருக்கு, இறக்கத்துல இறங்கினா போயிடுது

ஆறினா திரும்ப வந்துடுதா? அப்போ அது ஆயில் கொதிச்ச ஆவி. பிரேக் ஆயில் ஈரத்த உறிஞ்சும், ஈரம் ஏற ஏற கொதிநிலை இறங்கும். டாட் 4 புதுசுல குறைஞ்சது 230 டிகிரி செல்சியஸ் தாங்கணும், 3.7 சதவீதம் தண்ணி சேர்ந்தப்புறம் கணக்கு 155 டிகிரி. டாட் 3-க்கு 205-ம் 140-ம். இந்த வண்டிக்கு ஏர் மட்டும் எடுத்தா போதாது, ஒரு லிட்டர் கிட்ட புது ஆயில் ஊத்தி பழசு முழுக்க வெளிய வர்ற வரைக்கும் மாத்தணும், ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவ மாத்திட்டா இந்தத் தொல்லை பெரும்பாலும் வராது. திறந்து பல மாசமா கிடக்கற பாட்டில்ல மிச்சம் இருக்கறத ஊத்தாதீங்க, அது ஏற்கனவே ஈரம் குடிச்சிருக்கும்.

ஆயில் புதுசா இருந்தும் இதே வருதுன்னா வீல் ஒவ்வொண்ணையும் கிட்ட கை கொண்டு போய்ப் பாருங்க (தொடாதீங்க, சுட்டுடும்). ஒண்ணு மட்டும் கொதிச்சா அந்த கேலிப்பர் விடாம பிடிச்சுட்டே ஓடுது. இறக்கத்துல கியரக் குறைக்காம பிரேக்கையே மிதிச்சுட்டு வர்ற பழக்கமும் ஒரு காரணம், அத எந்த மெக்கானிக்கும் சரி பண்ண முடியாது.

## பிரேக் ஒரு பக்கம் இழுக்குது

பெரும்பாலும் ஏர் இல்ல. பெடல் அமுங்கி அழுத்தம் ஏறினப்புறம் ஒரே லைன்ல இருக்கற வீலுக்கெல்லாம் அதே அழுத்தம்தான் போகும், ஏர் இருந்தா பெடல் தூரம்தான் கூடும். பிஸ்டன் இறுக்கம், ஹோஸ் அடைப்பு, ஒரு பக்க பேட்ல ஆயில் பட்டது, டயர் காத்து, இந்த நாலையும் பாருங்க.

## பிரேக் ஓகே, ஆனா கிளட்ச் மெத்துன்னு ஆயிடுச்சு, கியர் விழ மாட்டேங்குது

ஹைட்ராலிக் கிளட்ச் இருக்கற நிறைய வண்டில கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே டப்பாதான், கிளட்ச் லைன் டப்பாவோட மேல்பக்கத்துல போகும். ஆயில் குறைஞ்சா முதல்ல கிளட்ச் காத்து குடிக்கும், பிரேக்குக்கு அடில மிச்சம் இருக்கும். அதனால கிளட்ச் மெத்துன்னா பிரேக் லெவலையும் பாருங்க, ஒழுக்கு எங்கன்னு தேடுங்க.

## வேலை முடிஞ்சு கிளம்பறதுக்கு முன்னாடி

எல்லா நிப்பிளும் டைட், ரப்பர் மூடி போட்டாச்சு, டப்பா லெவல் மேக்ஸிமத்துல. இஞ்சின ஓட விட்டு பெடல முழு பலத்தோட ஒரு நிமிஷம் மிதிச்சுப் பிடிங்க, இன்னொரு ஆள் நிப்பிளையும் ஜாயிண்டையும் டார்ச் அடிச்சுப் பாக்கட்டும். இறங்கக்கூடாது, எங்கயும் கசியக்கூடாது. வண்டி நகர்றதுக்கு முன்னாடியே பெடல மிதிச்சு பேட் எல்லாம் டிஸ்க்குல வந்து உட்கார்ந்துடுச்சான்னு பாருங்க, பிஸ்டன உள்ள தள்ளின வண்டில முதல் ரெண்டு மூணு மிதி காலியாத்தான் போகும். அப்புறம் ஆளில்லாத இடத்துல நடக்கற வேகத்துல ஒரு பிரேக், கொஞ்சம் வேகத்துல ஒரு பிரேக். டப்பால லெவலுக்கு ஒரு பேனா கோடு போட்டு வெச்சு ஒரு வாரம் கழிச்சு பாருங்க. கோட்டுக்குக் கீழ போயிருந்தா மேல "மெல்ல இறங்கிட்டே போகுது"ங்கற தலைப்புக்குப் போய் ஒழுக்கத் தேடுங்க, அது வரைக்கும் வண்டி வெளிய போக வேணாம்.